இருசம்மாளின் நான்காம் அத்தியாயம்

இருசம்மாள் என்ற பெயரை மாற்றிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லாதவர்கள் குறைவு. பள்ளியில் ஒரு டீச்சர் ‘இந்து’ என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வக்கீலாகப் பதிவு செய்த புதிதில் அவருடைய சீனியர், “போர்டுல இந்தப் பேரைப் பாத்தா கட்சிக்காரன் உள்ள வரமாட்டாம்மா” என்றார். சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காக எங்கள் துறைக்கு வந்தபோது அலுவலகத்தில் இருந்தவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்.

“டாக்டர் பட்டத்துல இந்தப் பேருதான் மேடம் வரும். முன்னாடியே கெஜட்ல மாத்திட்டு வந்திருக்கலாமே.”

“எங்க குலசாமி பேருங்க. சாமியையும் கெஜட்ல மாத்திரலாமா?”

நான் அந்த அறையில் என் படிவங்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். கோர்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

வையம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருடைய ஊர். அப்பா ராமர், மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் போட்டவர். பிள்ளைகள் இரண்டு பேர்தான், மூத்தவர் ரத்தினவேல், அடுத்தது இருசம்மாள். மேல்நிலைப் படிப்புக்கு மணப்பாறைக்குப் பஸ்ஸில் போய் வந்தார், சட்டம் படிக்கத் திருச்சிக்கு வந்தார். பிறகு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் இளவரசனைத் திருமணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் குடியேறினார். ஒரே மகள், கலைமதி. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கோர்ட்டுக்குப் போவார், மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவார். ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் ஆராய்ச்சிக்கு வந்ததற்குக் காரணம் அவர் தோற்ற ஒரு வழக்கு.

அப்பா சொத்தில் மகனுக்கு இருக்கும் அதே உரிமை மகளுக்கும் உண்டு என்று சட்டம் சொல்லிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பங்கு மகளின் கைக்கு வருவதில்லை. ‘என் பங்கு எனக்கு வேண்டாம்’ என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ‘என் முழு மனதுடன், எவருடைய வற்புறுத்தலும் இன்றி’ என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். அப்படி எழுதிக் கொடுத்த ஒரு பெண், அது செல்லாது என்று வழக்குப் போட இருசம்மாளிடம் வந்தாள். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் கேட்டார், “உங்களை யாராவது அடிச்சாங்களா?” இல்லை என்றாள். “மிரட்டினாங்களா?” இல்லை. “அப்புறம் ஏம்மா கையெழுத்து போட்டீங்க?”

“போடலைன்னா எம்மவ காதுகுத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான்னு சொன்னாங்க.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. வழக்கு தள்ளுபடியானது. வராமல் இருப்பது குற்றமில்லை, அதனால் அது மிரட்டலும் இல்லை. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் தவறு கண்டுபிடிக்க முடியாது என்று இருசம்மாளே சொல்வார். “தீர்ப்பு சரிதாம்மா. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கலை.” அதற்குப் பிறகுதான் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தார். விடுதலைப் பத்திரங்களில் பெண்ணின் சம்மதம் என்பது அவருடைய தலைப்பு.

கோர்ட் விடுமுறை நாட்களில் மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் போவார். முறுக்கு சுடும் கொட்டகைகளில் பெண்கள் மாவைச் சுற்றிக்கொண்டே பேசுவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். பெயரை எங்கும் சொல்லமாட்டேன், ஊரையும் எழுதமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் ரெக்கார்டரை எடுப்பார். அந்தப் பேச்சுகள்தான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்.

அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். ஒரு பெண் சொல்லியிருந்தாள்: “எந்தம்பி மடி இல்லாம வெறுந்தரையிலயா புள்ளைய உக்கார வச்சுக் காது குத்துறது? நாலு பேரு என்ன பேசுவாக? அதான் போட்டேன்.” நான் எழுதியதைப் படித்துவிட்டு, “இங்கிலீஷ் நல்லா இருக்கும்மா. ஆனா இது அந்தம்மா பேசினது இல்லை” என்றார். கடைசியில் ஆங்கில ஆய்வேட்டுக்குள் தமிழ்ப் பேச்சு அப்படியே மேலே வந்தது, ஆங்கிலம் கீழே போனது. விதிமுறையில் இதற்கு இடமுண்டா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். யாராலும் காட்ட முடியவில்லை.

ஆய்வு பாதியில் இருக்கும்போது ராமர் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு ரத்தினவேல் ஃபோன் செய்தார். பட்டா மாற்ற வேண்டும், தங்கை ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

“போடலை அண்ணே.”

“இப்பப் போடலையா, எப்பவும் போடமாட்டியா?”

“எப்பவும்.”

அடுத்த வருடம் கலைமதி வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன்தான் பெண்ணை உட்கார வைக்கப் பச்சை ஓலையில் குச்சு என்ற சின்னக் குடிசை கட்ட வேண்டும், மாமன் சீர் வந்த பிறகுதான் சடங்கு. ரத்தினவேல் சொல்லி அனுப்பினார்: முதலில் பத்திர ஆபீசுக்கு வரட்டும், பிறகு நான் ஓலையோடு வருகிறேன். இருசம்மாள் போகவில்லை. மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை நிறுத்தலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அதற்கும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சடங்கு நடந்தது. நானும் போயிருந்தேன். குச்சு இல்லை. மாலையை யார் போடுவது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது கலைமதியே கேட்டாள்.

“மாமா இடத்துல யாரும்மா?”

“யாரும் இல்லை. குனி, நான் போடுறேன்.”

இந்தச் சம்பவத்தை அவர் ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. சொந்த வழக்கை அதில் நடத்தக் கூடாது என்பார்.

எங்கள் நெறியாளர் பேராசிரியர் ரெங்கராஜின் வீடும் ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில்தான். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுவார். நாங்களெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே பேசுவோம், அவர் அப்படிக் கேட்டதில்லை என்றாலும் அதுவே பழக்கமாகிவிட்டது. இருசம்மாள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆய்வேட்டை முழுதாகக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பேராசிரியர் நான்காம் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

“இதை எடுத்துடலாம் இருசம்மாள். மிச்சமே ஒரு டாக்டரேட்டுக்குத் தாராளமாப் போதும்.”

“ஏன் சார்?”

“மிரட்டல்னு ஒரு வார்த்தை போடுறீங்க. சட்டத்துல மிரட்டல்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். மாமன் வராததுக்குச் சட்டத்துல பேரே கிடையாது.”

“பேரு இல்லைங்கிறதைத்தான் சார் ஆறு வருஷமா எழுதிட்டு இருக்கேன்.”

“புறத்தேர்வாளர் ஒத்துக்கலைன்னா மொத்தமும் போயிடும். உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா பிரச்சினை வேற. சரி, பின்னிணைப்பா கடைசியில போட்டுடலாமா?”

“பின்னிணைப்பை யாரு சார் படிக்கிறாங்க?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த அத்தியாயத்தோட நான் கையெழுத்துப் போடுறது கஷ்டம்மா.”

“போடாதீங்க சார். வேற கைடு கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். இன்னும் ரெண்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும். ஆனா நாலாவது அத்தியாயம் நாலாவதாத்தான் இருக்கும்.”

வெளியே வந்ததும் எனக்குத்தான் படபடப்பாக இருந்தது. அவர் ஒரு கடையில் நின்று கீரைக்கட்டு வாங்கினார். ஆறு வருட உழைப்பு அந்த ஒரு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று நான் மெதுவாகச் சொன்னேன். “மாட்டிக்கலைம்மா, அதுலதான் நிக்குது” என்றார். பேராசிரியர் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏன் மனம் மாறினார் என்று அவரும் சொல்லவில்லை, இருசம்மாளும் கேட்கவில்லை.

முனைவர் பட்டத்தின் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர் ஒரு அரங்கில் நின்று தன் ஆய்வை விளக்க வேண்டும், புறத்தேர்வாளர் கேள்வி கேட்பார். பொதுமக்களும் வரலாம், கேட்கலாம் என்று அறிவிப்பில் இருக்கும். நடைமுறையில் பொதுமக்கள் என்பது துறை மாணவர்களும் ஆய்வாளரின் குடும்பமும்தான். கேள்விகளைக்கூட யார் கேட்பது என்று நாங்களே முன்கூட்டிப் பிரித்துக்கொள்வோம்.

இருசம்மாளின் கோர்ட் நண்பர் யாரோ அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட, அது சுற்றிச் சுற்றி அவருடைய ஊர்க் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைப்பைப் பார்த்ததும் ஊரில் கோபம் கிளம்பிவிட்டது. நிலம், பட்டா, ரோடு எதற்கு அறிவிப்பு வந்தாலும் ‘ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்’ என்று இருக்கும் அல்லவா, இதையும் அப்படித்தான் படித்தார்கள். குறித்த நாளில் நேரில் போய் ஆட்சேபணை கொடுத்தால் பட்டம் நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு.

அன்று காலை கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் ரத்தினவேல். கையில் ஒரு மனு, அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேலே கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பும் ஒட்டியிருந்தது.

பேராசிரியர் ரெங்கராஜ் இருசம்மாளைத் தனியாக அழைத்தார். “உடம்பு சரியில்லைன்னு சொல்லித் தள்ளி வச்சிடலாம். வைவாவுல கலாட்டாவானா ரிப்போர்ட்டே வேற மாதிரிப் போயிடும். உங்க பட்டம் போச்சு.”

“பொதுன்னு நீங்கதானே சார் போட்டீங்க? அவங்களும் பொதுதான். உள்ள வரட்டும்.”

வேனில் வந்தவர்கள் பின் வரிசைகளில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் இளவரசனும் கலைமதியும். புறத்தேர்வாளர் பேராசிரியர் சுபலட்சுமி வெளியூரிலிருந்து வந்தவர். கறாரானவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். இருசம்மாள் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசியிருப்பார், நிறுத்தினார். பின் வரிசையைப் பார்த்தார்.

“மேடம், மிச்சத்தைத் தமிழ்ல பேசலாமா? என்னை எதிர்த்துப் பேச வந்திருக்காங்க. நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சு எதிர்க்கட்டும்.”

சுபலட்சுமி தலையசைத்தார். இருசம்மாள் அரை மணிக்கு மேல் தமிழிலேயே பேசினார். காதுகுத்து, மடி, பத்திர ஆபீஸ், ‘முழு மனதுடன்’ என்ற வரி. ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் முடித்ததும் ரத்தினவேல் எழுந்து நேராக மேஜைக்கு வந்து மனுவை நீட்டினார்.

“இங்க மனு வாங்க முடியாதுங்களே” என்றார் சுபலட்சுமி. “கேள்வி இருந்தாக் கேளுங்க.”

“கேள்வியாக் கேட்டா எழுதிக்குவீங்களா?”

“கண்டிப்பா எழுதிக்குவோம்.”

ரத்தினவேல் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “எங்க பக்கத்துல எந்த அண்ணந்தம்பி கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினான்? ஒரே ஒரு ஆளைக் காட்டச் சொல்லுங்க, நாங்க எந்திரிச்சுப் போயிடுறோம்.”

“என்கிட்ட பேசினவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றார் இருசம்மாள். “ஆளைக் காட்ட மாட்டேன்.”

“பாத்துக்குங்க! ஆளே கிடையாது. எல்லாம் இவ ரூமுக்குள்ள உக்காந்து கட்டுன கதை.”

பின்னாலிருந்து சின்னையன் என்ற பெரியவர் குரல் கொடுத்தார். “சாட்சியில்லாமக் கேஸ் நடத்துற வக்கீலு நம்ம ஊருலதான்டா பொறந்திருக்கு!” வேன்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் மாணவர்களிலும் சிலர் சிரித்துவிட்டார்கள்.

சுபலட்சுமி சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே, “கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அதே சந்தேகம்” என்றார். “மாமன் வரார், வரலை, அது அவர் இஷ்டம். அதுக்கும் கையெழுத்துக்கும் தொடர்பு இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பெண்கள் அப்படி நினைச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதானே?”

பேராசிரியர் ரெங்கராஜ் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்த கேள்வி அதுதான். இருசம்மாள் மேடையின் ஓரத்துக்கு வந்து ரத்தினவேலைப் பார்த்தார்.

“அண்ணே, கலைமதி சடங்குக்கு நீங்க ஏன் வரலை?”

“இதென்ன கேள்வி?” ரத்தினவேலுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நீ கையெழுத்துப் போட்டியா? போடலைல்ல? அப்புறம் நான் எதுக்கு வரணும்? போட்டிருந்தீன்னா மறுநாளே ஓலையோட வந்து நின்னிருப்பேன். இவங்களையே கேளு பாப்பா, ஊருல அதுதானே வழக்கம்!”

வேன்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதலில் விளங்கிக்கொண்டவர் சின்னையன்தான். எழுந்து முன்னால் வந்து ரத்தினவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “யோவ், ஒக்காருய்யா. போதும், ஒக்காரு.”

“ஏன், நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?”

“இருக்கிறதைச் சொல்லிட்டய்யா. ஒக்காரு.”

சுபலட்சுமி பேனாவைத் திறந்தார். “இப்ப இவர் சொன்னதை அத்தியாயத்துல சேர்த்துக்கலாம். நானே பரிந்துரை பண்றேன்.”

“வேண்டாம் மேடம்.”

“ஏன்? உங்களுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“ஆராய்ச்சிக்குன்னு சொல்லி அவர்கிட்ட நான் சம்மதம் வாங்கலை. கோவத்துல சொன்னது. உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு, அது போதும். அத்தியாயத்துக்கு அந்தப் பொம்பளைங்க பேசினதே போதும். இவ்வளவு நாள் அவங்க சொன்னதை நம்பலை, ஒரு ஆம்பளை எந்திரிச்சுச் சொன்னதும் நம்பினோம்னு ஆகிடக் கூடாது.”

சுபலட்சுமி பேனாவை மூடி வைத்தார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார். “சரி, சட்டம் என்ன செய்யணும்? மாமனைக் கட்டாயம் வரச் சொல்ல முடியுமா?”

“முடியாது. ஆனா கையெழுத்துப் போடுற பொண்ணைக் கூடப்பொறந்தவங்க இல்லாத ரூம்ல தனியா வச்சுக் கேக்கலாம். போட்ட பிறகும் வேண்டாம்னு திரும்பி வரக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுக்கலாம்.”

ரத்தினவேல் மறுபடி எழுந்தார். “பத்திரம் அந்தரத்துல தொங்குனா நான் வீடு கட்ட எந்த பேங்க்ல லோன் தருவான்? அதைச் சொல்லுங்க.”

“அது நல்ல கேள்வி அண்ணே. அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை.”

ரத்தினவேலின் முகத்தில் அன்று ஒரே ஒரு முறை சந்தோஷம் தெரிந்தது. “எழுதிக்குங்க” என்றார் சுபலட்சுமியிடம். அவரும் எழுதிக்கொண்டார்.

முடிவை அறிவித்தபோது சுபலட்சுமி எழுந்து நின்று படித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், நான்காம் அத்தியாயத்தில் எந்தத் திருத்தமும் தேவையில்லை. கலைமதி விசில் அடித்தாள். இளவரசன் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தானே பலமாகக் கைதட்டினார். பின் வரிசையில் சின்னையன், “ஸ்டாம்பு ஒட்டுன காசு போச்சு” என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வாளர் சாப்பாடு போடுவது வழக்கம். ஸ்ரீரங்கத்து மெஸ் ஒன்றிலிருந்து வந்த பாத்திரங்கள் பக்கத்து ஹாலில் தயாராக இருந்தன. சாம்பார் வாசனை வராந்தாவரை வந்தது. வேன்காரர்கள் விடியற்காலையில் கிளம்பியவர்கள், அங்கேயே தயங்கி நின்றார்கள்.

“ஒருத்தனும் இங்க கை நனைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ரத்தினவேல் போய் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இருசம்மாள் அவர்களை வாருங்கள் என்று அழைக்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. இலைகளைப் போட்டுக்கொண்டே போனார், வேனில் வந்தவர்களுக்கும் சேர்த்து. சின்னையன் தன் துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். “அவனுக்குத் தங்கச்சியோட சண்டை. எனக்குச் சாம்பாரோட என்ன சண்டை?” மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

பேராசிரியர் ரெங்கராஜ் இருசம்மாளின் அருகில் வந்தார். “அண்ணனுக்கு ஒரு சாப்பாட்டைக் கட்டி வேனுக்கு அனுப்பிடுங்க. ஜெயிச்சவங்க விட்டுக்கொடுத்தாப் பெருந்தன்மையா இருக்கும்.”

“ஆறு வருஷமா விட்டுக்கொடுக்கிறதைப் பத்தித்தானே சார் எழுதியிருக்கேன்” என்றார் இருசம்மாள். “பசிச்சா இறங்கி வரட்டும். முதல் இலை போட்டுப் பக்கத்துல நின்னு பரிமாறுறேன். வேனுக்கு அனுப்பமாட்டேன்.”

வாசலில் வேனின் ஹார்ன் அலறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓரிருவர் அவசரமாக அள்ளத் தொடங்கினார்கள். ஹார்ன் மறுபடியும் அலறியது, இந்த முறை நிற்காமல்.

இருசம்மாள் ரச வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் போனார்.

“மெதுவாச் சாப்பிடுங்க. இன்னும் மோர் இருக்கு, பாயசம் இருக்கு.”